பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பது பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளித் தையல் முடிந்து, வெட்டுத் துணிகளைக் கூட்டி அள்ளி, மெஷின்களுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஓய்ந்திருக்க வேண்டிய நேரத்தில் இந்த மடலை எழுத நேர்ந்திருக்கிறது. தைக்கக் கொடுத்த பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையில் ஒரு பகுதியை நாங்கள் வெட்டி விற்றுவிட்டோம் என்று நம் கடையைப் பற்றிய ஒரு குரல் பதிவு மூன்று வாரங்களாகப் பல வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருவதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சிலர் அக்கறையோடு எங்களிடமே வந்து விசாரித்தீர்கள். சிலர் எதுவும் விசாரிக்காமல், கொடுத்திருந்த துணியை அப்படியே திரும்ப வாங்கிச் சென்றீர்கள். இரு தரப்பினருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அதோடு, கடையில் வேலை நடக்கும் முறையிலும் சில மாற்றங்கள் வந்திருப்பதால் அவற்றையும் சேர்த்தே தெரிவிக்கிறோம்.

எங்கள் தந்தையார் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் மெஷின் போட்டுத் தைத்தவர் என்பது பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு வெகு காலம் முன்பே நாங்கள் தெற்கு மாசி வீதியை ஒட்டிய இந்தச் சந்துக்கு வந்துவிட்டோம். ஆல்டரேஷன் என்றாலே முகம் சுளிக்கும் தையற்கடைகள் நடுவே அதையே பிழைப்பாக எடுத்துக்கொண்டோம். 2020ஆம் ஆண்டு ஊரடங்கு தளர்ந்த சமயத்தில், கையில் பணம் குறைந்த குடும்பங்கள் பீரோவில் இருந்ததையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, "இதில் எது தேறும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று இறக்கி வைத்தார்கள். துணிகளைப் பிரித்துப் பார்த்துச் சொல்லும் வழக்கம் அப்படித்தான் தொடங்கியது. யோசனை உங்களுடையது, நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்தோம், அவ்வளவுதான்.

மூட்டையை அவிழ்த்ததும் மூன்று குவியலாகப் பிரிப்போம். பொத்தான், ஹூக், தையல் விட்ட ஓரம் என்று சில்லறை வேலையோடு உடனே உடுத்தக்கூடியவை ஒரு பக்கம். மெஷினில் ஏற்ற வேண்டியவை ஒரு பக்கம். துணியே இற்றுப்போனதால் ஊசி தாங்காதவை ஒரு பக்கம். எந்தக் குவியல் என்பதைத் தீர்மானிப்பது கிழிசலின் அளவு அன்று, அது இருக்கும் இடம். தையலோடு விட்டிருந்தால் ஒரு சாண் விட்டிருந்தாலும் கவலை இல்லை, பத்து நிமிட வேலை. தையலுக்கு அருகில் துணி கிழிந்திருந்தால், அதிலும் அக்குளிலோ தொடைப் பகுதியிலோ கிழிந்திருந்தால், அது ஒரு விரற்கடைதான் என்றாலும் சுற்றியுள்ள துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் பேச முடியும். இழைகள் சல்லடையாகத் தெரிந்தால் உள்ளே ஒட்டுத்துணி கொடுத்துத் தைத்தாலும் மூன்றாவது துவைப்பில் ஒட்டின் ஓரத்திலேயே கிழியும்.

தையற்காரரிடம் தைத்த பேண்ட்டாக இருந்தால் இடுப்பின் பின் தையலுக்குள் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வரை துணி விட்டிருப்பார்கள். உடம்பு போட்டவர்கள் அதைப் பிரித்துவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் உடுத்தலாம். ரெடிமேடில் பெரும்பாலும் அரை அங்குலத்துக்கு மேல் விட்டு ஓவர்லாக் அடிப்பதில்லை. அதைத் தளர்த்தித் தரச் சொல்லி எங்களைக் கோபித்துக்கொள்வதில் பயன் இல்லை. சட்டைக் காலர் மடிப்பில் நைந்தால், பட்டியிலிருந்து காலரைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்துவிடலாம். நைந்த பக்கம் உள்ளே போய்விடும். ஜிப் ஓடவில்லை என்று வருகிறவற்றில் பாதிக்குப் பல் கெட்டிருப்பதில்லை, ரன்னர்தான் வாய் அகன்றிருக்கும். குறட்டால் மெல்ல நெருக்கினால் சில மாதம் ஓடும், அதற்கு நாங்கள் காசு வாங்கியதும் இல்லை. பெண் பிள்ளைகளின் சீருடைப் பாவாடையில் கீழ் மடிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைத் துணி எடுக்கும்போதே பார்த்துக்கொண்டால், ஜூன் மாதம் வந்ததும் புதிது வாங்க ஓட வேண்டியதில்லை.

இதனால் என்ன மிச்சம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறோம். பள்ளி திறப்பதற்கு முன் ஒரு குடும்பத்தார் 31 உருப்படிகள் கொண்டு வந்தார்கள். 12 உருப்படிகளுக்குப் பொத்தான், ஹூக் தவிர வேறு வேலை இல்லை. 8 உருப்படிகள் தேறாது என்றோம். மீதி 11இல், மூன்று பேண்ட்டுக்கு ஜிப் மாற்ற 270, இரண்டு பேண்ட்டுக்கு இடுப்புப் பிரிக்க 160, இரண்டு காலர் திருப்ப 120, நான்கு சுடிதாருக்கு சைடு தையல் போட 160, ஆக மொத்தம் 710 ரூபாய். அந்தப் பணத்துக்கு இன்று ஒரு நல்ல பேண்ட் கிடைத்தால் அதிகம்.

அதே நேரம், எல்லாவற்றையும் தைத்தே தீர வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. துணி இற்றுப்போன 250 ரூபாய் நைட்டிக்கு 80 ரூபாய் கொடுத்து ஒட்டுப்போடச் சொன்னால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு 18 சதவீதம், அதற்கு உட்பட்டதற்கு 5 சதவீதம் என்று ஜி.எஸ்.டி. வந்திருக்கிறது, ஆகவே அன்றாடம் உடுத்துவது புதிதாக வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், கல்யாணத்துக்கு எடுத்த கோட்டையும் விலையுயர்ந்த ஷெர்வானியையும் மட்டும் யோசித்து எடுங்கள் என்றுதான் கேட்டவர்களுக்குச் சொல்லி வருகிறோம். வேலைக்கு அலைகிற கடைக்காரன் இப்படிச் சொல்ல மாட்டான்.

இனி அந்தக் குரல் பதிவு. ஓர் அம்மையார் தம் கூறைப்புடவையின் ஜரிகைக் கரையை எடுத்துப் பேத்திக்குப் பட்டுப்பாவாடை, சட்டை தைக்கக் கொடுத்ததும், அந்தக் கரையில் ஒரு பகுதியை நாங்கள் வெட்டி எடுத்து விற்றுவிட்டோம் என்பதும் அதில் உள்ள செய்தி. வெள்ளி விலை 2025ஆம் ஆண்டில் ஏறிய ஏற்றத்தையும் சேர்த்துச் சொல்லியிருப்பதால், கேட்பவர்களுக்கு அது நம்பும்படி இருந்திருக்கிறது. மூட்டை மூட்டையாக உங்கள் வீட்டுத் துணிகளை எங்கள் முன் அவிழ்த்து வைக்கிறீர்கள். பையில் மறந்த 500 ரூபாய்த் தாளையும், ரவிக்கையில் குத்தியிருந்த தங்க ஊக்கையும் வீடு தேடிக் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறோம். அப்படிப்பட்ட எங்களுக்கு இந்தப் பேச்சு எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நடந்தது இது. புடவை முப்பத்தைந்து ஆண்டுப் பழையது. ஒரே மடிப்பில் வைத்திருந்ததால் உடல் பகுதி மடிப்புக்கு மடிப்பு கீறிவிட்டது. கை வைத்த இடமெல்லாம் பிளந்தது. கரை மட்டும் உறுதியாக இருந்தது. உடலை வைத்து எதுவும் தைக்க முடியாது, கரையைப் பிரித்துப் புதுப் பட்டில் வைக்கலாம் என்று சொன்னோம், அம்மையார் சம்மதித்தார், அவர் முன்னிலையில்தான் வெட்டினோம். ஐந்தரை மீட்டர் புடவைக்கு இரு பக்கமும் சேர்த்துக் கரை 11 மீட்டர். அதில் ஒரு பக்கத்துக் கரை ஐந்தரை மீட்டரையும் கத்தரி படாமல் சுருட்டித் திருப்பிக் கொடுத்தோம். மறு பக்கத்தில் பாவாடை அடிக்கு 3 மீட்டர். கை இரண்டுக்கும் சட்டை விளிம்புக்கும் சேர்த்து ஒன்றேகால் மீட்டர். கொசுவம் வரும் இடத்தில் குதிகால் பட்டு நைந்துபோயிருந்த ஒரு மீட்டரை உடல் துணியோடு சேர்த்து அதே பையில் வைத்தோம். மீதி கால் மீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்று மேல், வெட்டும் மேசையின் இழுப்பறையில் இருந்தது. பதினொரு நாள் கழித்து அதுவும் ஒப்படைக்கப்பட்டுவிட்டது.

ஜரிகை என்பது பட்டு இழை மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது என்பதும், எல்லா ஜரிகையும் அப்படி இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். உரசிப் பார்த்து இது அசல், இது போலி என்று சொல்வது எங்கள் தொழில் அன்று. அதை எடை போட்டு வாங்குவதும் எங்கள் தொழில் அன்று. பழைய பட்டு வாங்கப்படும் என்று பலகை மாட்டியவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள், விற்க விரும்புகிறவர்கள் நேரே அவர்களிடம் போகலாம். தேறாது என்று நாங்கள் ஒதுக்கும் துணிகளைப் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் அடுக்கு வாங்கிவிட்டதாகவும் அந்தப் பதிவின் கடைசியில் ஒரு வரி வருகிறது. தேறாது என்று சொல்வது மட்டுமே எங்கள் வேலை. அதைத் தூளிக்கு வைத்துக்கொள்வதா, கரித்துணியாகக் கிழிப்பதா, பாத்திரக்காரருக்குப் போடுவதா என்பது உங்கள் வீட்டு முடிவு. ஆகவே குவியல் மூன்றும் உங்கள் பையிலேயே திரும்ப வரும், இதுவரையும் அப்படித்தான் வந்தது.

இனி ஐயத்துக்கே இடம் இருக்கக் கூடாது என்பதற்காக, மூட்டையை உங்கள் முன்னிலையில் எண்ணி, நோட்டில் உருப்படிவாரியாக எழுதிக் கையெழுத்து வாங்குவோம். பட்டு, ஜரிகை என்றால் அளவு எடுத்து, உங்கள் கைப்பேசியிலேயே படமும் எடுக்கச் சொல்வோம். வெட்டு மீதி விரல் நீளம் இருந்தாலும் உறையில் போட்டுத் தருவோம்.

அடுத்த செய்தி வருத்தமானது. இருபத்திரண்டு ஆண்டுகள் நம்மிடம் ரஃபு வேலை பார்த்த பாய் ஆவணி மாதத்தோடு நின்றுவிட்டார். பேண்ட்டின் உள் மடிப்பிலிருந்து இழை உருவி, ஓட்டை மேல் பாவும் ஊடுமாக ஊசியாலேயே நெய்து, எங்கே கிழிந்தது என்று நீங்களே தேடும்படி செய்து கொடுத்த கைகள் அவருடையவை. இரு கண்ணிலும் புரை விழுந்து அறுவைச் சிகிச்சை ஆன பிறகு, கறுப்புத் துணியில் கறுப்பு இழை தெரியவில்லை என்று அவரே சொல்லி விடைபெற்றார். கூலித் தகராறில் நாங்கள் அனுப்பிவிட்டதாகப் பேசுகிறவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து கடைக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போகிறார். அவரிடம் வேலை பழகிய பெண் பருத்தியிலும் டெரிகாட்டனிலும் நன்றாகவே ரஃபு செய்கிறார். பட்டுக்கும் கம்பளிக்கும் அவர் கை பழகும் வரை அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு உங்களை நடக்க விட விரும்பவில்லை.

வாடகை, கூலி, கோன் நூல், மின்கட்டணம் எல்லாம் ஏறியிருப்பதால் ஜிப், இடுப்பு, ஓரம் அடிக்கும் வேலைகளுக்கு உருப்படிக்குப் பத்து ரூபாய் கூடியிருக்கிறது. மூட்டை பிரித்துப் பார்க்க 100 ரூபாய். நான்கு நாளில் கொடுத்த வேலை இனி பத்து நாள் ஆகலாம்.

அந்த 100 ரூபாயைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் வீட்டிலேயே பிரித்துக்கொண்டு வரலாம். அது ஒன்றும் பெரிய வித்தை அன்று. ஓராண்டாக உடுத்தாத ஒவ்வொன்றையும் ஒரு தடவை உடுத்திப் பாருங்கள். பிடிக்கிறதா, தொளதொளக்கிறதா, நிறம் அலுத்துவிட்டதா என்று காரணத்தை ஒரு தாளில் எழுதி அந்தத் துணியிலேயே ஊக்கால் குத்தி வையுங்கள். காரணம் தெரியாமல் வரும் துணியில்தான் எங்களுக்கும் உங்களுக்கும் நேரம் வீணாகிறது. துவைத்துக் கொண்டு வாருங்கள்; கஞ்சி போட்டதாக இருந்தால் அலசிவிட்டுக் கொண்டு வாருங்கள், விறைத்த துணியில் பிரித்த இடம் ஊசிக்கு நிற்காது. சட்டையின் உள் பட்டியில் கூடுதல் பொத்தான்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் பொத்தான் தேடி விளக்குத்தூண் கடைத்தெரு வரை அலைய வேண்டாம். பட்டுப்புடவைகளை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பு மாற்றி, ஜரிகை உள்ளே இருக்கும்படி மடித்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்துருண்டை ஜரிகையைத் தொடக் கூடாது. அந்த அம்மையாரின் புடவையை இப்படி வைத்திருந்தால் கரையை வெட்டும் தேவையே வந்திருக்காது என்பதையும், குற்றமாக அன்றி, ஒரு செய்தியாகச் சொல்லிக்கொள்கிறோம்.

இத்தனைக்குப் பிறகும் மூட்டையோடு படியேறி வருகிற உங்களுக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. குரல் பதிவு வந்த மறுநாள், பத்து ஆண்டுகளாக வரும் ஆசிரியை ஒருவர் தம் பட்டுப்புடவைகள் நான்கையும் வேண்டுமென்றே எடுத்து வந்து, கடை நிறைய ஆள் இருந்த நேரம் பார்த்து, "அளக்க வேண்டாம் தம்பி, அப்படியே வையுங்கள்" என்று மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். அளந்துதான் எழுதினோம். ஆனால் அந்தச் சொல்லுக்காக எங்கள் வீட்டில் எல்லோரும் உங்களுக்குக் கடமைப்பட்டவர்கள். தாத்தாவின் கோட்டைப் பேரனுக்குச் சுருக்கி வாங்கிப் போனவர்களும், அம்மாவின் சுங்குடியைச் சுடிதாராக்கிக்கொண்டவர்களும், தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு வந்து போனவர்களும் இருக்கும்வரை இந்தச் சந்திலிருந்து நாங்கள் எங்கும் போவதாக இல்லை.

புடவை கொடுத்த அந்த அம்மையார் மீதும் அவர் வீட்டார் மீதும் எங்களுக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. பாவாடையும் சட்டையும் பேத்திக்குப் பொருந்தின என்று கேள்விப்பட்டோம். பாவாடையில் உள்ளே மூன்று அங்குலம் மடித்து விட்டிருக்கிறோம், பிள்ளை வளர்ந்ததும் கொண்டு வந்தால் கூலி இல்லாமல் இறக்கித் தருவோம்.

கடை காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை. ஞாயிறு மதியத்தோடு முடியும். மூட்டை பிரிக்கும் வேலை காலையில் மட்டும். தைத்த துணிகளை அறுபது நாளுக்குள் வாங்கிக்கொள்ளுமாறும், வரும்போது ரசீதோடு ஒரு பையும் கொண்டு வருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் அன்பை என்றும் நாடும்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்
மதுரை