கூரை முதலில், வண்ணம் பிறகு: பள்ளி வகுப்பறைச் சீரமைப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர்த் தொடக்கப் பள்ளியின் பழைய கட்டடத்தில் இரண்டு வகுப்பறைகளைப் பூட்டி வைத்திருக்கிறோம். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது. கடைசியாக விழுந்தது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்காரும் இடத்தில். பள்ளி விட்ட பிறகு விழுந்ததால் யாருக்கும் அடிபடவில்லை.

இப்போது அந்தப் பிள்ளைகளுக்குத் தாழ்வாரம்தான் வகுப்பறை. ஒரு பக்கம் 'அ, ஆ' சொல்லிக்கொடுத்தால் மறுபக்கம் வாய்ப்பாடு சொல்கிறார்கள், இரண்டுமே யார் காதிலும் சரியாக விழுவதில்லை. சாரல் அடித்தால் அடுத்த வகுப்பில் நெருக்கி உட்கார வேண்டியதுதான்.

"பெயர்ந்த இடத்தில் கொஞ்சம் சிமெண்ட் வைத்துப் பூசினால் போதாதா?" என்று பலர் கேட்டார்கள். போதாது. கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து சிறு சுத்தியலால் கூரையின் அடிப்பகுதியைத் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. பார்வைக்குப் பழுதே தெரியாத சில இடங்களிலும் பொத்தென்று வெற்றுச் சத்தம் வந்தது. அங்கெல்லாம் காரை, கூரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை விட்டுப் பிரிந்து நிற்கிறது என்று பொருள்.

மூலகாரணம் மேலே தேங்கும் தண்ணீர். மொட்டை மாடியில் தண்ணீர் வடிவதற்கான சரிவு, அதாவது வாட்டம், போய்விட்டது; வடிகுழாய் வாயில் சருகு அடைத்துக் கிடந்தது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மைதான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறும்போது அந்தக் காப்பு போய்விடும். பிறகு ஈரம் பட்டால் துருதான். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த வீக்கம் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. இதன்மேல் பூசினால் விரிசல் மறையும், துரு நிற்காது. அடுத்த முறை விழும்போது பழையதோடு புதுப் பூச்சும் சேர்ந்து விழும். கண்ணுக்குத் தெரிகிற விரிசலாவது நம்மை எச்சரிக்கிறது!

ஆகவே வேலை இப்படி நடக்கும். கூரைக்கு முட்டுக் கொடுத்து, பிரிந்த காரையைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மெலிந்துபோன இடங்களில் புதுக் கம்பி சேர்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்துப் பிறகே கலவை வைக்க முடியும். மேலே வாட்டம் சரிசெய்து நீர்க்கசிவைத் தடுப்பதும் இதே கட்டத்தில். ஈரம் இறங்கிய மின்கம்பிகளை மாற்றுவதையும் தள்ளிப்போட முடியாது. ஜன்னல் மேல் தொங்கும் விரிசல் விட்ட சன்ஷேடும் மாடிக் கைப்பிடிச் சுவரும் அடுத்தபடியாக.

வண்ணம் கடைசியில்தான். இருவர் வண்ணம் அடித்துத் தர முன்வந்தார்கள், அவர்களுக்கு நன்றி. அந்தத் தொகையைக் கூரைக்குத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறோம். கம்பிக்குத் தடவும் பூச்சில் உபயதாரர் பெயர் எழுத முடியாது என்பது உண்மைதான்.

பள்ளியைப் பராமரிப்பது நிர்வாகத்தின் கடமையாயிற்றே என்ற கேள்வி நியாயமானது. மனு கொடுத்திருக்கிறோம், விடாமல் கேட்கவும் செய்வோம். உரிய அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லிலும் கை வைக்க மாட்டோம். ஆனால் பதில் வரும்வரை பிள்ளைகள் தாழ்வாரத்திலேயே இருக்கட்டும் என்று விட மனமில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். கொத்திப் பார்க்கும்போது கம்பிகள் பெரும்பாலும் அரித்துப் போயிருந்தால், பழுதுபார்ப்பதில் பயனில்லை, இடித்துக் கட்டுங்கள் என்று பொறியாளர் சொல்லக்கூடும். அப்படியானால் வேலையை நிறுத்திவிட்டு, மிச்சப் பணத்தைத் திருப்பித் தருவதா, புதுக் கட்டடத்துக்கு வைப்பதா என்று கொடுத்தவர்களிடமே கேட்போம்.

பிள்ளைகள் நடமாடும் நாட்களில் இந்த வேலையைச் செய்ய முடியாது. வைத்த கலவையைக் குறைந்தது 7 நாட்களாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கான்கிரீட்டின் வலுவைக் கணக்கிடுவதோ 28 நாட்களுக்குப் பிறகு. எனவே நீண்ட விடுமுறையின் முதல் நாளே தொடங்கியாக வேண்டும். கூரை வேலைக்கு முழுத் தொகை கையில் சேராமல் தொடங்கவும் மாட்டோம். பாதி கொத்திய கூரை இப்போதிருப்பதைவிட ஆபத்து.

நன்கொடையைக் குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்தலாம், ரொக்கமாகத் தந்தால் கட்டாயம் ரசீது கேட்டு வாங்குங்கள். இருவர் கையெழுத்தில்லாமல் பணம் எடுக்க முடியாது. ஒவ்வொரு பில்லின் நகலும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

பொருளாகத் தருபவர்கள் வாங்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிமெண்ட் நாள்பட்டால் கட்டிதட்டிவிடும். உப்புக் கலந்த மணல் மறுபடியும் கம்பியைத்தான் தின்னும். கொத்தனார்களும் எலெக்ட்ரீஷியன்களும் சில நாள் உழைப்பைத் தந்தால் அதுவும் நன்கொடைதான், கணக்கேட்டில் அப்படியே எழுதுவோம். வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு இந்தக் கடிதத்தை அனுப்பி வையுங்கள்.

தர நினைப்பதைப் பள்ளி முழுஆண்டுத் தேர்வு தொடங்கும் முன்பே தலைமை ஆசிரியர் அறையில் உள்ள பதிவேட்டில் எழுதிவிட்டால், ஆளும் பொருளும் ஏற்பாடு செய்ய எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளிக் கட்டடச் சீரமைப்புக் குழு