தம்போரா வெடித்த பின் வந்த கோடை: பெறாமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெறாமகளுக்கு,

உயர்தர வகுப்பில் எரிமலைப் பாடத்தைத் தொடங்கவிருப்பதாகவும், சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளைகளுக்கு அதை நில உருவங்களோடு நிறுத்திக்கொண்டால் போதாதா என்றும் கேட்டு எழுதியிருந்தீர். போதாது என்பதே என் எண்ணம். எங்கள் மண்ணில் எரிமலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் உலகின் வேறொரு மூலையில் வெடித்த மலை வெயிலையும் மழையையும் மாற்றிய வரலாறு உண்டு. வற்றாத ஆறில்லாத இந்த நிலத்தில் கிணற்றில் ஊறுவது முழுவதும் மழை தந்த நீர் என்பதால், அந்த வரலாற்றை எங்கள் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும். மற்ற ஆசிரியர்களுக்கும் உதவலாம் என்றெண்ணி, பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் கையளிக்கப்பட்டதைப் பிள்ளைகள் வரலாற்றில் படித்திருப்பார்கள். அதற்கு அடுத்த மாதம் இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா மலை வெடித்தது. ஏப்பிரல் 5ஆம் நாள் எழுந்த முதல் முழக்கத்தைப் பீரங்கிச் சத்தமென்று எண்ணி, யாவாவிலிருந்த பிரித்தானியர் யோக்யகர்த்தாவிலிருந்து படையினரை அனுப்பினார்கள். 10ஆம் நாள் நிகழ்ந்த பெருவெடிப்போ, ஏறத்தாழ 4,300 மீற்றர் உயர்ந்து நின்ற மலையின் மேற்பகுதியையே இல்லாமற் செய்துவிட்டது. சும்பாவாவிலும் அயலிலுள்ள லொம்போக்கிலும் வெடிப்பாலும், பின் தொடர்ந்த பட்டினியாலும் நோயாலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள்.

மறு ஆண்டு, அதாவது 1816 யூன் மாதத்தில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பனி பொழிந்தது. யூலையிலும் ஓகஸ்டிலும் உறைபனி விழுந்து சோளப்பயிரைக் கருக்கியது. மேற்கு ஐரோப்பாவில் குளிரும் ஓயாத மழையும் விளைச்சலைக் கெடுத்தன. சுவிற்சர்லாந்திலும் தென் ஜேர்மனியிலும் தானிய விலை ஏறி மக்கள் பசியால் வாடினார்கள். கோடையில்லா ஆண்டு என்று அதற்குப் பெயர் நிலைத்தது. அதே நியூ இங்கிலாந்திலிருந்து 1815 ஒக்ரோபரில் கப்பலேறிய அமெரிக்க மிசனரிமார்தாம் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினார்கள். தெல்லிப்பழை யூனியன் கல்லூரி தோன்றிய ஆண்டாக 1816ஐப் பிள்ளைகள் பலர் அறிவார்கள். அந்த ஆண்டிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். தொலைவில் வெடித்த மலைக்கும் கருகிய சோளத்துக்கும் உள்ள தொடர்பை விளங்கிக்கொள்ள உலகுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இந்த இடத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் சாம்பல்தான் வெயிலை மறைத்தது என்று எழுதுவார்கள். அதைத் தொடக்கத்திலேயே திருத்திவிடும். சாம்பல் சில நாட்களிலோ வாரங்களிலோ கீழே விழுந்துவிடும். காலநிலையை மாற்றுவது கந்தகம். வெடிப்பின் வேகத்தில் கந்தகவீரொட்சைட்டு என்ற வாயு, மழையும் முகிலும் உருவாகும் கீழ் வளி அடுக்கான மாறன் மண்டலத்தைக் கடந்து அதற்கு மேலுள்ள படைமண்டலத்துக்கு ஏறிவிட்டால், சில வாரங்களில் அது சல்பூரிக்கமிலத்தின் நுண்துளிகளாக மாறுகிறது. அந்த உயரத்தில் அவற்றைக் கழுவி இறக்க மழை இல்லாததால், அவை ஓரிரு ஆண்டுகள் மிதந்து, சூரிய ஒளியின் ஒரு பகுதியை விண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. மத்திய கோட்டுக்கு அண்மையில் வெடித்தால் இரு அரைக்கோளங்களுக்கும் அத்துளிகள் பரவும். எனவே வெடிப்பின் பருமனை மட்டும் கொண்டு விளைவை அளக்கக் கூடாது. 1980இல் அமெரிக்காவில் வெடித்த சென். ஹெலன்ஸ் மலை உலகப் புகழ் பெற்றது, ஆனால் கந்தகம் குறைவு. 1982இல் மெக்சிக்கோவில் வெடித்த எல் சிச்சோன் அதைப்போல் பேசப்படவில்லை, ஆனால் படைமண்டலத்தில் அது விட்ட தடம் மிகப் பெரிது.

இவையெல்லாம் எப்படித் தெரியவந்தன என்பதே இப்பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வானிலிருந்து இறங்கும் கந்தகம் கிறீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் பனியோடு படிந்து, ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் புதைந்து கிடக்கிறது. அந்தப் பனியைத் துளைத்தெடுத்து ஆராய்ந்தவர்கள், 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரு துருவங்களிலும் ஒருசேரப் படிந்த, கடந்த 2,000 ஆண்டுகளின் மிகப் பெரியவற்றுள் ஒன்றான கந்தகப் படிவைக் கண்டார்கள். எந்த மலை என்பது பல ஆண்டுகளாகத் தெரியவில்லை. 2013இல்தான் அது லொம்போக் தீவின் சமலாஸ் எரிமலை என்றும், வெடித்தது 1257ஆம் ஆண்டளவில் என்றும் நிறுவினார்கள். கரிமக் காலக்கணிப்பும் எரிமலைக் கண்ணாடித் துணிக்கைகளின் இரசாயனமும் முதன்மைச் சான்றுகளாக இருந்தன. ஆனால் மலை சரிந்ததையும் பமாத்தான் என்ற நகர் அழிந்ததையும் சொல்லும் பழைய ஏடுகளும் கூடவே துணைநின்றன. அந்த ஏடுகள் பனையோலையில் எழுதப்பட்டவை. எங்கள் வளவுகளில் நிற்கும் அதே பனை. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது எத்தனை ஓலைச் சுவடிகளை இழந்தோம் என்பதை நினைத்தால், ஓலையில் ஒருவர் எழுதி வைத்த சில வரிகள் துருவப் பனியோடு பொருந்தி வந்த இச்செய்தி என்னை நெகிழச் செய்கிறது.

குளிரை விட மழையைப் பற்றியே நீர் கூடுதலாகப் பேச வேண்டும். காரைநகர்க் கசூரினாவில் நண்பகலில் மணல் காலைச் சுடும்போதும் கடல் குளிர்ந்தே இருப்பதைப் பிள்ளைகள் உணர்ந்திருப்பார்கள். நிலம் விரைவில் சூடாவதும் கடல் மெதுவாகச் சூடாவதுமான அந்த வேறுபாடுதான் கோடைப் பருவக்காற்றை இழுத்து வருகிறது. வெயில் குறையும்போது நிலமே முதலில் குளிர்வதால் வேறுபாடு சுருங்குகிறது, ஆவியாதலும் குறைகிறது, மழை தளர்கிறது. 1783 யூன் 8ஆம் நாள் ஐஸ்லாந்தில் பிளந்த லாக்கி எரிமலை எட்டு மாதங்களாகக் கக்கி, ஏறத்தாழ 120 மில்லியன் தொன் கந்தகவீரொட்சைட்டை வெளியேற்றியது. அத்தீவின் மக்களில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினர் மாண்டார்கள். ஆபிரிக்கப் பருவமழை வலுவிழந்து நைல் பெருக்கெடுக்காமற் போனதால் எகிப்தும் பஞ்சத்தில் விழுந்தது. ஆயினும் ஒவ்வொரு பஞ்சத்துக்கும் ஓர் எரிமலையைத் தேட வேண்டாம். பசிபிக் கடல்நீர் வழமைக்கு மாறாகச் சூடேறும் எல் நினோவும் போரும் வரியும் தம் பங்கைச் செய்திருக்கின்றன. எங்கள் காலபோகத்துக்கு உயிர்கொடுக்கும் மாரிமழை வங்கக் கடலின் தாழமுக்கங்களையும் வாடைக்காற்றையும் சார்ந்தது. கோடையில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்றுக்குச் சொன்னதை அப்படியே அதன்மேல் ஏற்றக் கூடாது.

கூர்மையான பிள்ளை ஒருவர், அப்படியானால் புவி சூடாவதை எரிமலைகளே தணித்துவிடாதா என்று கேட்பார். 1991 யூன் மாதத்தில் பிலிப்பைன்ஸின் பினற்றுபோ வெடித்தபின் உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.5 பாகை செல்சியஸ் குறைந்து, சில ஆண்டுகளில் பழைய நிலைக்கு ஏறியது. துளிகள் விழுந்துவிடும்; நாம் விடும் காபனீரொட்சைட்டு நூற்றாண்டுகள் தங்கும். அந்தக் கந்தகத்தை மனிதரே படைமண்டலத்தில் தூவலாமென்ற திட்டம் இன்று தீவிரமாகப் பேசப்படுகிறது. பேசுவோரில் பலர் வெப்பமானியை மட்டும் பார்க்கிறார்கள் என்பது என் கவலை. பினற்றுபோவுக்கு அடுத்த ஆண்டில் நிலப்பரப்பின் மழையும் ஆறுகள் கடலில் சேர்த்த நீரும் உலகளவில் தெளிவாகக் குறைந்ததை அளவீடுகள் காட்டின. 1992ஆம் ஆண்டின் மழை வரைபடத்தை வெப்பநிலை வரைபடத்தோடு சேர்த்தே வகுப்பில் விரித்துக் காட்டும். இரண்டையும் பெரிதாக வரைந்து அடுத்த கிழமை அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா
யாழ்ப்பாணம்