வெளிநாடு போய் வந்தவரின் காய்ச்சலைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டியூட்டி டாக்டர்களுக்கும், ஜெனரல் மெடிசின் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சலோடு வருபவரிடம் “சமீபத்தில் எங்கேயாவது போனீர்களா?” என்று கேட்கிறோம், “சவுத் ஆப்பிரிக்கா” என்று அவர் சொன்னதும் மலேரியா டெஸ்ட் எழுதுகிறோம். அது சரிதான், அதில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, ஃபால்சிபாரம் மலேரியா ஆளையே கொண்டுபோய்விடும். மலேரியா இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகு நாம் செய்வதுதான் எனக்குக் கவலை. டெங்குவுக்கு என்எஸ்1, டைபாய்டுக்கு வைடால், பிளட் கல்ச்சர், ஒரு செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாடிக் ஊசி, அப்புறம் “வைரல் ஃபீவராக இருக்கும்”. அவருடைய பேன்ட்டை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

ஜியோசென்டினல் என்ற பயண மருத்துவ வலையமைப்பு 2006இல் வெளியிட்ட ஆய்வை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலிருந்து காய்ச்சலோடு திரும்பியவர்களிடம் டைபாய்டையும் டெங்குவையும்விட ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா வகையின் தொற்றுதான் அதிகம், அதிலும் பெரும்பாலும் உண்ணி மூலம் வந்தது. நம் ஊரில் காய்ச்சல் என்றாலே டெங்குவும் டைபாய்டும் முன்னால் வந்து நிற்கும், அந்தப் பழக்கத்தோடு ஆப்பிரிக்கா போய் வந்தவரைப் பார்த்தால் வரிசையே தப்பாகிவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் வனவிலங்குப் பூங்காப் பக்கம் சஃபாரி, புல்வெளி நடை, கூடாரத்தில் தங்கல் என்று போய் வருபவர்களுக்கு வருவது பெரும்பாலும் ரிக்கெட்சியா ஆப்பிரிக்கே என்ற கிருமி தரும் ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சல். 1930களிலேயே பைப்பர் என்பவர் தென்னாப்பிரிக்காவில் இதைத் தனி நோய் என்று சொல்லியிருந்தார், ஆனால் பல பத்தாண்டுகள் அதை மத்தியதரைக் கடல் பகுதியின் புள்ளிக் காய்ச்சலோடு சேர்த்தே பார்த்தார்கள், 1992இல் ஜிம்பாப்வே நோயாளி ஒருவரிடமிருந்து கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் பைப்பர் சொன்னது நிலைத்தது. இதைப் பரப்பும் ஆம்பிளியோமா உண்ணி புல் நுனியில் சும்மா காத்திருப்பதில்லை, ஆளைத் தேடி ஊர்ந்து வரும், பல உண்ணிகள் சேர்ந்தே ஏறும். அதனால்தான் ஒரே ஆளிடம் இரண்டு மூன்று எஸ்கார் (கடித்த இடத்தில் வரும் கருப்புப் பொருக்கு), ஒரே ஜீப்பில் போன நாலு பேருக்கும் காய்ச்சல் என்றெல்லாம் பார்க்கிறோம். “உண்ணி கடித்ததா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், குட்டி உண்ணி ஏறியதும் தெரியாது, விழுந்ததும் தெரியாது. “புல்லுக்குள் இறங்கி நடந்தீர்களா? கூட வந்தவர்களுக்கும் காய்ச்சலா?” என்று கேளுங்கள்.

எங்கள் வார்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவரைச் சொல்கிறேன். ஊர் திரும்பிச் சில நாளில் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, கழுத்துத் தசையில் வலி. மூளைக்காய்ச்சலோ என்று பயந்து சிடி ஸ்கேன் வரைக்கும் போயிருக்கிறார்கள். சாக்ஸைக் கழற்றச் சொன்னோம். சாக்ஸ் எலாஸ்டிக் பதிந்த கோட்டுக்குச் சற்று மேலே கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம், முழங்காலின் பின்மடிப்பில் இன்னொன்று, அதே பக்கத் தொடை இடுக்கில் நெரிகட்டி. கொசுக்கடியைச் சொறிந்த புண் என்று அவர் நினைத்திருந்தார், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. உடம்பில் தடிப்பு எதுவும் இல்லை, இந்த நோயில் பாதிப் பேருக்கு மேல் அது இருக்காது.

நம் ஊரில் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பார்த்துப் பழகிய நமக்கு எஸ்கார் புதிதல்ல, அக்குளிலும் மார்பகத்தின் கீழும் தேடத் தெரிந்தவர்கள்தான் நாம். ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. ஸ்க்ரப் டைபஸுக்கான ஐஜிஎம் எலிசா ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றால் ரிக்கெட்சியாவே இல்லை என்று மூடிவிடாதீர்கள், அந்த எலிசா ஸ்க்ரப் டைபஸ் கிருமியான ஓரியன்சியாவுக்கானது, ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சல் சேர்ந்த புள்ளிக் காய்ச்சல் குழுவைப் பிடிக்காது. வெய்ல்-ஃபீலிக்ஸ் என்ற பழைய ரத்தப் பரிசோதனையை நம்பவே வேண்டாம். அந்தக் குழுவுக்கே உரிய சீராலஜியும் (எதிர்ப்புப் புரதம் தேடும் ரத்தப் பரிசோதனை) முதல் வாரத்தில் கைகொடுக்காது, ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சலில் எதிர்ப்புப் புரதம் தெரிய மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம்.

ஆகவே ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். பயணமும் எஸ்காரும் காய்ச்சலும் பொருந்தினால் டாக்சிசைக்ளின் 100 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை, அன்றைக்கே. பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும். செஃப்ட்ரியாக்சோனை எத்தனை நாள் ஏற்றினாலும் ரிக்கெட்சியாவை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் இறங்கவில்லை என்றால் நோயை மறுபடி யோசியுங்கள், மலேரியா ஸ்மியரையும் (மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ரத்தப் பூச்சு) மறுபடி பாருங்கள், ஒரு நெகட்டிவோடு நிறுத்தக் கூடாது. மலேரியா ரேபிட் கார்டு டெஸ்ட் வந்த பிறகு ஸ்மியர் பார்ப்பதையே பல இடங்களில் விட்டுவிட்டார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்காவில் உண்ணி பரப்பும் மீள்காய்ச்சலின் சுருள் கிருமி காய்ச்சல் நேரத்து ஸ்மியரில்தான் தெரியும், கார்டில் ஒருநாளும் தெரியாது.

ரத்தக்கசிவும் சரசரவென்று இறங்கும் பிளேட்லெட்டும் இருந்தால் கதையே வேறு. கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்ற வைரஸ் நோயும் உண்ணி வழி வரும், நோயாளியின் ரத்தம் பட்டாலும் தொற்றும், தென்னாப்பிரிக்காவிலும் இருக்கிறது. அப்படிச் சந்தேகம் வந்தால் முதலில் நோயாளியைத் தனி அறைக்கு மாற்றிவிட்டு, கையுறை, மாஸ்க், கவுன் போட்டுக்கொண்ட பிறகுதான் ஊசியை எடுங்கள். 2011இல் குஜராத்தில் இது நம் நாட்டில் முதன்முதலாக உறுதியானபோது சிகிச்சை தந்த மருத்துவரும் செவிலியரும் இறந்துபோனார்கள்.

கடைசியாக, ஸ்வாப். மருந்து கொடுக்கும் முன் பொருக்கின் ஓரத்தை மெல்லத் தூக்கி, ஸ்டெரைல் சலைனில் நனைத்த ஸ்வாபால் அடியில் அழுத்திச் சுழற்றி எடுத்து பிசிஆருக்கு அனுப்புங்கள், உதிர்ந்த பொருக்கையும் சேர்த்தே அனுப்பலாம். ரத்தத்தில் பிசிஆர் பெரும்பாலும் ஏமாற்றும். சீராலஜிக்கு முதல் ரத்தச் சீரத்தை எடுத்து வைத்துவிட்டு, நான்கு வாரம் கழித்து இரண்டாவது சீரத்துக்கு வரவேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி, போன் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் போனவர் நாம் கூப்பிடாமல் ரத்தம் கொடுக்க வரமாட்டார்.

அன்புடன்,
தொற்றுநோய் வார்டில் பணிபுரியும் உங்கள் சக மருத்துவர்