கிரேன் சிக்னல்: கை சும்மா இருப்பவர் வேலையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேன் விபத்து என்றால் ஆபரேட்டரின் கவனக்குறைவு, கம்பி அறுந்தது என்றுதான் பேச்சு வருகிறது. பாரத்தின் அருகே நின்று கை காட்டியவர் யார், அவர் அதற்குப் பயிற்சி பெற்றவரா என்று கேட்பவர் குறைவு. பல சைட்டுகளில் அந்த நேரத்தில் கை சும்மா இருக்கும் ஹெல்ப்பர்தான் சிக்னல்மேன்.

கேபினில் இருப்பவருக்குப் பாரம் கண்ணில் பட்டாலும் தூரம் பிடிபடாது. கிரேனின் நீண்ட கையான பூமின் நேர்கோட்டில் பார்க்கும்போது, ஹூக் பாரத்துக்கு நேர் மேலே நிற்கிறதா, அரை அடி தள்ளி நிற்கிறதா என்று சொல்வது கடினம். எடை ஏறியதும் பூம் வளைந்து ஹூக் இன்னும் வெளியே போகும். அப்படியே தூக்கினால், தரையை விட்ட நொடியில் பாரம் ஊசலாடி எதிரே நிற்பவரை அடிக்கும். பக்கவாட்டில் நிற்பவர்தான் இதை முன்கூட்டியே பார்க்க முடியும். ஓர் அடி உயரத்துக்குள் நிறுத்தச் சொல்லி, பாரத்தைக் கட்டிய ஸ்லிங் ஒரே சீராக இறுகியதா, கிரேனைத் தாங்கும் பக்கக் கால்களான அவுட்ரிகர் மண்ணில் புதைகிறதா என்று பார்த்த பிறகே அவர் மேலே ஏற்றச் சொல்ல வேண்டும்.

சிக்னல் தருபவர் கயிறு பிடிக்கக் கூடாது. அது பாரத்தைக் கட்டும் ரிக்கரின் வேலை. 'மெதுவாக' என்பதைக் காட்டவே இரண்டு கை வேண்டும்: ஒரு கை அசைவைக் காட்ட, மற்றொன்று அதன் முன் அசையாமல் நிற்க. அவசர நிறுத்தத்துக்கும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வீச வேண்டும்.

பழகாதவர் செய்யும் பெரிய தவறு, 'சரி' என்று கட்டை விரலை உயர்த்துவது. பரவலாக வழங்கும் சிக்னல் முறையில் அதன் பொருள் 'பூமை உயர்த்து'. ஆபரேட்டர் உயர்த்துவார், பாரம் கிரேனை நோக்கி வரும். பாரத்தை மட்டும் தூக்க, ஆள்காட்டி விரலை மேல்நோக்கி நீட்டிச் சுழற்ற வேண்டும். சைட்டுக்கு சைட் முறை மாறுவதால், வேலை தொடங்குமுன் இருவரும் ஒருமுறை செய்து காட்டிக்கொள்வது கட்டாயம்.

நான்காம் மாடிக்குக் கம்பிக்கட்டு ஏற்றும்போது கை தெரியாது; வாக்கி டாக்கிதான். இரைச்சலில் 'மேலே'யும் 'கீழே'யும் ஒன்றுபோலவே கேட்கும். 'தூக்கு', 'இறக்கு' என்பது மேல். பழைய ஆட்களின் 'ஹபீஸ்' (தூக்கு), 'ஆரியா' (இறக்கு) அதைவிடத் தெளிவு. வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் இச்சொற்களை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். இடது, வலது என்றால் அது ஆபரேட்டரின் இடது, வலதுதான். 'இறக்கு, இறக்கு, ஒரு மீட்டர், அரை மீட்டர், நிறுத்து' என்று குரல் விடாமல் வர வேண்டும். குரல் நின்றால் கிரேன் நிற்க வேண்டும். கீழே ஒருவர், மாடியில் ஒருவர் என்றால் பொறுப்பு கைமாறும்வரை பாரம் அசையக் கூடாது. 'நிறுத்து' என்பதை மட்டும் யார் சொன்னாலும் ஆபரேட்டர் கேட்டாக வேண்டும்.

மின்கம்பி அருகே என்றால், கம்பியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் தேவை.

அமெரிக்காவில் 2010-இல் வந்த கிரேன் விதிகளின்படி சிக்னல் தருபவர் எழுத்து அல்லது வாய்மொழித் தேர்விலும், செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். இங்கும் ஒப்பந்ததாரர்கள் ஆபரேட்டரின் லைசென்ஸைப் போலவே சிக்னல்மேனின் தேர்ச்சியையும் கேட்டு, பணி அனுமதிச் சீட்டில் அவர் பெயரை எழுத வேண்டும். அவர் வராத நாளில் தூக்க மறுக்கும் உரிமை ஆபரேட்டருக்கு வேண்டும். அன்றைய கிரேன் வாடகை அவர் தலையில் விழக் கூடாது.

இப்படிக்கு,
பளுதூக்குப் பணிப் பாதுகாப்புப் பயிற்றுநர்கள்,
ஸ்ரீபெரும்புதூர்.