தம்பியின் இருபத்தெட்டு ஆண்டுகள்

அன்புள்ள வேலுவுக்கு,

மகனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) என்று மருத்துவர் சொன்னதை எழுதிவிட்டு, "இது முழுசாகக் குணமாகுமா?" என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், என் தம்பிக்காக அதே கேள்வியோடு அலைந்தவன் நான். எனவே தேறுதல் சொல்வதை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்நோய் வந்தவர் நாளுக்கு நாள் நலிவதே விதி என்று ஜெர்மனியின் மனநல மருத்துவர் கிரேப்பெலின் காலத்திலிருந்து மருத்துவர்களே நம்பியிருந்தார்கள். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநில மருத்துவமனையில், இனித் தேற மாட்டார்கள் என்று கைவிடப்பட்டிருந்த 269 பேருக்கு 1950களில் மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்து வெளியே அனுப்பினார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர் கோர்ட்னி ஹார்டிங் குழுவினர் அவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டோர் நன்கு தேறியோ மீண்டோ இருந்தார்கள். மனச்சிதைவு உறுதியானவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோதும் நிலை அதுவே. நம் சென்னையிலும், 1980களின் தொடக்கத்தில் நோய் முதன்முறை கண்ட 90 பேரை டாக்டர் தாராவும் உடனிருந்தோரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோருக்கு அது வருவதும் தணிவதுமாக இருந்தது.

தம்பியும் அந்தப் பெரும்பாலோரில் ஒருவன். மூன்று முறை நோய் திரும்பியது, இரண்டாம் முறை, "நன்றாகத்தானே இருக்கிறாய், மாத்திரை எதற்கு?" என்று கேட்டு நிறுத்தவைத்தவன் நான்தான். இப்போது சித்தப்பா மகனின் அச்சகத்தில் பில் புத்தகங்களுக்கு எண் குத்துகிறான். நோயால் அவன் காதில் மட்டும் கேட்கும் குரல்கள் அடியோடு போய்விடவில்லை. "அது பாட்டுக்குப் பேசட்டும்" என்று சொல்லிவிட்டு எண்ணைத் தப்பவிடாமல் குத்துவான். இரவு ஒன்பது மணிக்கு மாத்திரையை விழுங்கியதும் என்னிடம் வாயைத் திறந்து காட்டுவான். வேண்டாமென்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டேன், இன்னும் காட்டுகிறான். இதைக் குணம் என்பதா இல்லையா என்று நான் கேட்பதை விட்டு நெடுநாளாகிறது.

நாங்கள் கோட்டை விட்டது வேறோர் இடத்தில். இந்நோயுள்ளவர்களின் ஆயுள் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் குறைவு. அதற்குப் பெருங்காரணம் மாரடைப்பு முதலிய உடல்நோய்கள். புகைப்பழக்கம் ஒருபுறம், எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும் மருந்துகள் மறுபுறம். மனம் அமைதியானதே போதும் என்றிருந்துவிட்டோம். அவனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது காலில் புண் வந்திருந்தது. உன் மகனுக்கு ஓலன்சாபின் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதுவும் அப்படிப்பட்ட மருந்துதான். எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இப்போதே பார்த்துக் குறித்து வை. கூடினால் மருத்துவரிடம் சொல், மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: முதல் சில ஆண்டுகளில்தான் தற்கொலை அபாயம் மிகுதி. வாழ்வு வெறுத்ததுபோல் அவன் பேசினால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போ.

வருகிற ஞாயிறன்று வருகிறேன். தம்பியும் வருகிறானாம். உன் மகனோடு கொஞ்ச நேரம் அவனைத் தனியே பேச விடு.

அன்புடன்,
சுந்தரம்