விடுதி அறைச் சாவி

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? போன வாரம் வீடு மாறினோம். அலமாரியை ஒழிக்கும்போது நம் விடுதி அறைச் சாவி கிடைத்தது. 2020 மார்ச் 17-ல் கொரோனாவால் கல்லூரியை மூடியபோது, 31-ம் தேதி வரைக்கும்தானே என்று நாலு சட்டையோடு பஸ் ஏறினோமே. கொடியில் காய்ந்த துண்டைக்கூட நான் எடுக்கவில்லை.

அப்புறம் அந்த ஆறு மாதம்! கடைசி செமஸ்டர் தேர்வு உண்டா இல்லையா? செப்டம்பருக்குள் நடத்த வேண்டும் என்று ஜூலை 6-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தேர்வில்லாமல் பட்டமில்லை என்று ஆகஸ்ட் 28-ல்தான் முடிவானது. வேலை தருகிறோம் என்ற கம்பெனியும் 'பிறகு சொல்கிறோம்' என்றுவிட்டது.

தங்கை இப்போது உளவியல் படிக்கிறாள். சாவிக் கதையைக் கேட்டுவிட்டு ஓர் ஆய்வைச் சொன்னாள். 2020-ல் சீனாவில் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 7,143 பேரிடம் கேட்டதில், ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பதற்றம் இருந்ததாம். பெற்றோருடன் இருந்தவர்களுக்கும், ஆதரவுக்கு ஆள் இருந்தவர்களுக்கும் அது குறைவாம். பெற்றோர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். "ஆர்டர் வந்துச்சா?" என்று அப்பா தினமும் கேட்டதே பாதிப் பதற்றம். ஆனால் மொட்டை மாடியில் சிக்னல் கிடைக்கும் மூலையில் எனக்குத் தார்ப்பாய் கட்டித் தந்தவரும் அவர்தான்.

'எல்லாம் சரியாகிவிடும்' என்றவர்கள் மேல் அப்போது எரிச்சல்தான் வந்தது. ராத்திரி பத்து மணிக்கு நீ எல்லோரையும் போனில் இழுத்துப் போடுவாய். "எனக்கும் ஒண்ணும் தெரியலடா" என்பாய், அடுத்து யார் வீட்டில் என்ன குழம்பு என்று விசாரிப்பாய். யாருக்குமே ஒன்றும் தெரியவில்லை என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

திருவாரூர்க்காரன் மட்டும் பன்னிரண்டு நாள் பேசவில்லை. டவர் இல்லை போல என்று விட்டுவிட்டோம். அவன் அம்மா எண்ணைத் தேடிப் பிடித்து நீ பேசியபிறகுதான், அவன் அப்பாவின் கடை மூடிக் கிடந்ததும், ரீசார்ஜுக்குப் பணமில்லாததும் தெரிந்தது. கேட்க வெட்கப்பட்டிருக்கிறான். ரீசார்ஜ் போட்டது சரி, அந்தப் பன்னிரண்டு நாள் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அவனுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை வந்ததா? சேர்ந்தே போவோம். டிக்கெட்டை நான் போடவா, நீ போடுகிறாயா?

உன்
அறைத்தோழன்