நம்ம வத்தையின் பாய்மர வேலைக்குப் பணம் வேண்டும்

ஊரில் இருப்பவர்களுக்கும் வெளியூர், வெளிநாடு போன நம்ம பிள்ளைகளுக்கும் படகுக் கமிட்டியின் வணக்கம். நம்ம பந்தயப் பாய்ப்படகான வத்தையைக் கரையேற்றி ஒரு மாதம் ஆகிறது, ஏன் கடலில் காணோம் என்று தொண்டி வரைக்கும் கேட்டுவிட்டார்கள், அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

போன பந்தயத்தில் சோழகக் காற்று பலமாக அடித்தது. ஆறு பேரும் காற்றுப் பக்கம் பலகையில் சாய்ந்து திருப்பும்போது 'டக்'கென்று ஒரு சத்தம், பாய்மரம் ஒரு சாண் சாய்ந்து நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. கரைக்கு வந்து பாய்மரத்தைப் பிடித்திருக்கும் இரும்புப் பூணைக் கழற்றினால் வெளியே நாம் அடித்த நீலப் பெயின்ட் அப்படியே பளபளக்கிறது, உள்ளே அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உரிகிறது. நாலு போல்ட்டில் இரண்டு பென்சில் தடிமன்கூட இல்லை. மரம் நிற்கிற அடிக்குழியில் எப்போதும் தண்ணீர் தேங்கியதில் அந்தக் கட்டை கத்தி இறங்குகிற அளவுக்கு இற்றுப்போயிருக்கிறது.

புது மரமே வாங்கிவிடலாம் என்கிறார்கள் சிலர். வேண்டாம். மரம் புன்னை, இன்னும் கல் மாதிரி இருக்கிறது. வெள்ளைக்காரன் 'பூன்' என்று பேர் வைத்துத் தன் கப்பல்களுக்கு வாங்கிப் போனதும் புன்னை இனத்து மரத்தைத்தான். தப்பு நம்முடையது, போன தடவை மிச்சம் பிடிக்கிறோம் என்று சாதா இரும்பில் பூண் போட்டோம். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றாலும் 304 ரகம் போதாது, பூணுக்கும் மரத்துக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அதுவும் அரிக்கும். 316 ரகத்தில் மாலிப்டினம் என்கிற உலோகம் கலந்திருப்பதால் கடலுக்குக் கொஞ்சம் தாங்கும், விலைதான் கூட. பாயை ஏற்றுகிற கயிறான ஆஞ்சான் ஓடுகிற கப்பி வேறு மாட்டிக்கொண்டது, அலுமினியக் கப்பிக்குள் எஸ்.எஸ். பின் போட்டதில் உப்புத் தண்ணீர் பட்டுப்பட்டு அலுமினியம் வெந்து போயிருக்கிறது. இந்த முறை மரக் கப்பிதான்.

சரி, கணக்கு. பூணும் போல்ட்டும் 9,500. குறுக்குப் பலகைக்கும் அடிக்கட்டைக்கும் மரம் 7,000. ஆசாரி கூலி நாலு நாளுக்கு 6,000. கப்பி, கயிறு 5,500. மொத்தம் 28,000 ரூபாய், கையிருப்பு 11,400. இன்னும் 16,600 வேண்டும். நூறு ரூபாய் என்றாலும் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், பில் எல்லாம் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டுவோம்.

அப்புறம், பணம் முடியாதவர்கள் சனிக்கிழமை காலை கரைக்கு வாருங்கள். பாய்மரத்தை இறக்க எட்டு ஆள் வேண்டும், இதுவரை ஐந்து பேர்தான் சொல்லியிருக்கிறார்கள்.